நோட்டில் எழுதாத நாலு வாரம்

“இந்தச் சட்டையை யாரு தேய்ச்சு வைக்கச் சொன்னது?”

காலை மணி ஏழுகூட ஆகவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்! கூடத்து நாற்காலியின் முதுகில் மடிப்புக் கலையாமல் தொங்கிய வெள்ளைச் சட்டையை, கூப்பிடாமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டு நின்றார் மாஸ்டர்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து காபியோடு வந்தாள். “இன்னிக்கு சங்கத்துல கூட்டமாச்சே... எல்லாப் பயிற்சியாளரும் கட்டாயம் வரணும்னு கடுதாசி வந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வந்திருக்குன்னுதான் சொன்னேன். போறேன்னு சொன்னேனா?”

“போகாம எப்படிங்க...?”

“எப்படியா? இப்படித்தான்!” என்று நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அது நேற்றைய செய்தித்தாள். அதை எடுத்துச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

மாஸ்டர் என்றால் அந்த ஏரிப் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். முப்பது வருஷமாகப் படகுச் சங்கத்தில் பெண்களுக்குத் துடுப்பு போடக் கற்றுக்கொடுக்கிறவர். அவரிடம் பழகிய பெண்கள் வாங்கி வந்த கோப்பைகள் சங்கத்து அலமாரியில் இடம் கொள்ளாமல் தரையில் வரிசையாக நிற்கின்றன. அப்பேர்ப்பட்ட மனிதர், கோபம் வந்தால் மட்டும் ஆறு வயசுப் பிள்ளையாகிவிடுவார். இந்தக் கோபம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் இறங்கின பாடில்லை.

விஷயம் இதுதான். இன்றைய கூட்டத்தில் மேடையேறிப் பேச வருகிறவள் அவருடைய ஒரே மகள். ஒரு காலத்தில் ஒற்றைப் படகில் இந்த ஏரியையே கலக்கியவள். இப்போது எலும்பைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கி, வெளியூர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

“அவ மேலே நின்னு பேசுவாளாம், நான் கீழே உட்கார்ந்து கைதட்டணுமாம்! துடுப்பைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போனவ, துடுப்பு போடறதைப் பத்தி எனக்குப் பாடம் நடத்தப் போறாளா?”

உள் அறையிலிருந்து அண்ணி வந்தார். மாஸ்டரின் அக்கா. கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். கை சுத்தம், மனசு சுத்தம், வாய் மட்டும் நெருப்பு!

“ஏன்டா தம்பி அந்தப் புள்ளையைப் பேசறே? ஏரியில பறந்துக்கிட்டிருந்தவளைப் புடிச்சு இழுத்து, கையில புத்தகத்தைத் திணிச்சு, ஊரை விட்டு அனுப்பினது யாரு? தேர்வுப் போட்டிக்குப் பத்தே பத்து நாள் இருக்கறப்போ! ஊர்ல பெத்தவங்க புள்ளைங்க ஜெயிக்கணும்னு நினைப்பாங்க. இங்க பெத்தவளே...” என்று நிறுத்தி, அவளை ஒரு பார்வை பார்த்தார். “சரி, நான் ஒண்ணும் சொல்லலைம்மா. எனக்கு என்ன?”

ஒன்றும் சொல்லாமல் இவ்வளவு சொல்ல அண்ணியால்தான் முடியும்!

அவள் பதில் பேசவில்லை. ஒன்பது வருஷமாகப் பேசவில்லை, இன்றைக்கா பேசப் போகிறாள்? காபி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க போகாட்டி, மாஸ்டர் பொண்ணுக்குப் பயந்துட்டார்னு சங்கத்துல சிரிப்பாங்க. அவ்வளவுதான்.”

செய்தித்தாள் இறங்கியது.

“யாரு...? நான் பயந்தேனா?”

பத்தாவது நிமிஷம் வெள்ளைச் சட்டை அவர் உடம்பில் இருந்தது. பதினைந்தாவது நிமிஷம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ‘கூட்டம் எட்டு மணிக்குத்தானே, இப்பவே ஏன்?’ என்று கேட்க நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் போய்விட்டாரே, அதுவே பெரிசு! அப்பாவும் பெண்ணும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்காரப் போகிறார்கள். மகள் வீட்டுக்கு வரும் நாட்களில் இந்த மனிதர் விடியும்போதே படகுத்துறைக்குக் கிளம்பிவிடுவார். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார நேர்ந்தாலும், “அவ சாப்பிட்டாளான்னு கேளு” என்று மனைவியிடம்தான் கேட்பார். கேள்வி கேட்கப்பட்டவள் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பாள்!

அவர் போனதும் அவள் தன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அரை நாள் விடுப்பு சொன்னாள். இருபத்தாறு வருஷமாக அங்கே எக்ஸ்ரே எடுக்கிறவள். “எக்ஸ்ரே அம்மா விடுப்பா?” என்று எதிர்முனையில் ஆச்சரியப்பட்டார்கள். போனை வைக்கவும், அது மறுபடி அடித்தது. மகள்!

“அம்மா! அப்பா வர்றாரா?”

“கிளம்பியே போயிட்டாருடி! சட்டைகூடப் புதுசு.”

“நிஜமாவா!” மகளின் குரலில் சின்னப் பெண்ணின் குதிப்பு. “அம்மா, உனக்கு ஒண்ணு சொல்லணும். நீ அன்னிக்குக் குடுத்தியே, அப்பாவோட நோட்டுங்க... அதுல ரெண்டு பக்கத்தைத் திரையில காட்டப் போறேன்.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “எந்த... எந்தப் பக்கம்?”

“கடைசி நோட்டு. எனக்கு எலும்பு முறிஞ்சதுக்கு முந்தின மாசங்கள்.”

“அடிப்பாவி! அவர் எழுத்தை அவருக்குத் தெரியாதா? சத்தியம் பண்ணினியேடி என்கிட்ட!”

“என் பேரோ அவர் பேரோ வராதும்மா. ‘ஒரு வீராங்கனை’ன்னுதான் சொல்வேன். அவர் கண்டுபிடிச்சாத்தான் என்ன? அவரைப் பத்தி நல்லதுதான் சொல்லப் போறேன். எத்தனை நாளைக்கும்மா நீ மட்டும் ஏச்சு வாங்குவே? எனக்குப் பொறுக்கலை. சரி, கூப்பிடறாங்க, நான் வைக்கறேன்!”

“இரு... பாப்பா, இரு! சொல்றதைக் கேளு...!”

போன் ஊமையாகிவிட்டது. அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். பாவம் அந்தப் பெண், அதற்குப் பாதிக் கதைதான் தெரியும். முழுக்கதையும் தெரிந்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான்!

அந்த முழுக்கதை இதுதான். துடுப்புத் தண்டில் ஒரு வளையம் உண்டு. படகின் ஓரத்துத் தாங்கியில் துடுப்பு உட்காரும் இடம் அது. அந்த வளையத்தைக் கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால், தண்ணீர்ப் பக்கம் துடுப்பு நீண்டுவிடும். ஒவ்வொரு இழுப்பும் கனக்கும். பழகிவிட்டால் படகு வேகம் எடுக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தேர்வுப் போட்டி நெருங்கிய சமயம், ஒரு காலையில் மாஸ்டர் காபியை உறிஞ்சிக்கொண்டே மனைவியின் காதில் கிசுகிசுத்தார். “யார்கிட்டேயும் மூச்சு விடாதே. வாரத்துக்கு அரை சென்டிமீட்டரா, நாலு வாரத்துல ரெண்டு சென்டிமீட்டர் நகர்த்திட்டேன். அவளுக்கே தெரியாது! தெரிஞ்சா கை பயப்படும். கனமா இருக்குன்னா எதிர்க்காத்துன்னு சொல்லிடறேன்!” என்று குறும்புக்காரப் பையன் மாதிரிச் சிரித்தார். இழுப்பு எத்தனை, நாடித் துடிப்பு எத்தனை, காற்று எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிற மனிதர், இதை மட்டும் எழுதவில்லை. பயிற்சி முடிந்ததும் மகள் அந்த நோட்டைப் படிப்பாளே!

அப்புறம் மகளுக்கு முதுகுப் பக்கம், விலாவில் வலி வந்தது. அவளே ஆஸ்பத்திரியில் மகளைப் படம் எடுத்தாள். ஒன்றுமே இல்லை, சுத்தமான படம். மருத்துவரும் பார்த்துவிட்டுத் தசைப்பிடிப்பு என்றார். “ஒண்ணும் இல்லைடி, போ, துடுப்பு போடு” என்று மகளின் முதுகைத் தட்டி அனுப்பியவளும் அவள்தான். மூன்று வாரம் கழித்து மகள் மூச்சு விட முடியாமல் வந்து நின்றாள். மறுபடி படம் எடுத்தபோது விலா எலும்பில் முறிவும், அதைச் சுற்றி எலும்பு கூட முயன்ற சின்ன முடிச்சும் தெரிந்தன. பெற்ற பெண், முறிந்த எலும்போடு மூன்று வாரம் துடுப்பு போட்டிருக்கிறாள்!

கணவரிடம் சொல்ல ஓடியவள், ஏரிக்கரை வரைக்கும் போய் நின்றுவிட்டாள். பயிற்சிப் பெண் ஒருத்திக்குப் படகு தூக்கும்போது விரல் நசுங்கியதற்கே நாலு நாள் சாப்பிடாமல் கிடந்த மனிதர் அவர். தான் நகர்த்திய வளையம் தன் மகளின் எலும்பை முறித்தது என்று தெரிந்தால், படகுத்துறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? அன்றைக்குத் துறையில் எட்டுச் சின்னப் பெண்கள் அவரைச் சுற்றி நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அறிவித்துவிட்டாள்.

“பாப்பா போட்டிக்குப் போக மாட்டா. மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு, படிக்கட்டும். இது என் முடிவு.”

அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதி மாளாது. நோட்டுகளையெல்லாம் அவர் குப்பைக் கூடையில் கொட்டினார். அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் பொறுக்கி எடுத்துத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். எலும்பு முறிந்ததை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கினாள். வளையத்தைப் பற்றி மகளிடம்கூடச் சொல்லவில்லை. ‘சுயநலக்காரி’, ‘பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்தவ’ என்று வந்த பட்டங்களையெல்லாம் வாங்கி முடிந்துகொண்டாள். இன்றைக்கு அத்தனையும் திரையில் வரப்போகிறது!

“அண்ணி, நான் கூட்டத்துக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று செருப்பை மாட்டினாள்.

“இரு, நானும் வரேன்” என்றார் அண்ணி, ஏற்கெனவே வெளியே போகத் தயாராகி. “என் தம்பி பொண்ணு மேடையில நின்னா நான் பார்க்க வேண்டாமா? உனக்கு மட்டும்தான் அக்கறையா?”

சங்கத்துக் கூடம் ஏரியைப் பார்த்த பெரிய ஜன்னல்களோடு இருந்தது. சுவர் நெடுகப் பழைய படகுகளின் படங்கள். நாற்பது ஐம்பது பயிற்சியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மகள் மேடையேறிவிட்டாள். அவளைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. மாஸ்டர் மூன்றாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருவரும் கடைசி வரிசையில் போய் ஒடுங்கினார்கள்.

மேடையில் மகள் நின்ற நிற்பைப் பார்த்ததும் பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். தோள் மட்டும் இன்னும் துடுப்பு போடுகிறவளின் தோள்தான்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் ஏழு வருஷம் இந்த ஏரியில துடுப்பு போட்டேன். அதனால என்னை விஞ்ஞானின்னு நினைச்சுப் பயந்துடாதீங்க. நானும் இந்தத் துறையில வழுக்கி விழுந்தவதான்!”

கூடம் சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“துடுப்பு போடறவங்களுக்கு விலா எலும்பு ஒரே நாள்ல முறியறதில்லை. தினமும் நூத்துக்கணக்கான இழுப்பு... கொஞ்சம் கொஞ்சமா கீறல் விடும். எலும்பு வலுவாகறதுக்குள்ள சுமை கூடினா முறிஞ்சுடும்.”

விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய பட்டையைத் தூக்கிக் காட்டினாள். விலாவில் ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு இழுப்புக்கும் எலும்பு எவ்வளவு வளைகிறது என்று கரையிலிருக்கும் பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடுமாம். முறிவதற்கு முன்னாலேயே நிறுத்திவிடலாமாம். அவளும் அவள் கூட்டாளிகளும் ஐந்து வருஷம் உழைத்துக் கண்டுபிடித்தது.

“எக்ஸ்ரே எடுத்தாத் தெரியாதான்னு கேட்பீங்க. இதைப் பாருங்க.” திரையில் ஒரு படம் வந்தது. கடைசி வரிசையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் எடுத்த படம்! “இந்த வீராங்கனைக்கு வலி ஆரம்பிச்ச மூணாம் நாள் எடுத்தது. ஒண்ணுமே தெரியலை, இல்லையா? ஏன்னா, ஆரம்பத்துல இது பெரும்பாலும் படத்துல தெரியவே தெரியாது. யாரு எடுத்தாலும் தெரியாது. நான் எத்தனையோ ஆஸ்பத்திரிப் படங்களைப் பார்த்துட்டேன், இதைவிடச் சுத்தமா எடுத்த படத்தைப் பார்க்கலை. எடுத்தவங்க மேல ஒரு துளி தப்பு கிடையாது. இதை அவங்க தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘ஒண்ணும் இல்லைடி, போ’ என்று தட்டி அனுப்பிய கை... ஒன்பது வருஷமாக அந்தக் கையை அவளால் மன்னிக்க முடிந்ததில்லை. அண்ணி திரும்பிப் பார்த்து, “ஏன் அழறே?” என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்போ எங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா... இதனாலதான்.”

திரையில் ஒரு நோட்டுப் பக்கம் விரிந்தது. நெருக்கமான நீல எழுத்து. ஓரத்தில் காற்றின் திசைக்குச் சின்னச் சின்ன அம்புகள்.

மாஸ்டரின் கட்டிய கை தளர்ந்தது.

“இது அந்த வீராங்கனையோட பயிற்சியாளர் எழுதினது. ஏழு வருஷம், ஒரு நாள் விடாம! எத்தனை இழுப்பு, எவ்வளவு நேரம், முடிச்ச உடனே நாடி எத்தனைன்னு எல்லாமே இருக்கு. உலகத்துல எங்கேயும் இப்படி ஒரு குறிப்பு எனக்குக் கிடைக்கலை. இந்த மனுஷர் இதை எழுதி வெக்கலைன்னா இந்தப் பட்டையே இல்லை. என் பட்டமும் இல்லை!”

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் இளம் பயிற்சியாளர், மாஸ்டரிடமே பழகிய பெண், கையைத் தூக்கினாள்.

“ஒரு சந்தேகம். இந்தப் பக்கத்தோட கடைசி நாலு வாரம் பாருங்க. தூரம் அதேதான், நேரமும் அதேதான். நாடி மட்டும் வாரா வாரம் ஏறிக்கிட்டே போகுதே, ஏன்?”

“நல்ல கேள்வி” என்றாள் மகள். “எங்க ஆராய்ச்சியில அடைபடாத ஓட்டையே அதுதான். ஏதோ சுமை கூடியிருக்கு. ஆனா நோட்டுல காரணம் இல்லை. என்னன்னு எனக்கு... தெரியலை.”

கடைசி வரிசையில் அம்மா எழுந்துவிட்டாள். ‘நான்தான் அப்போ சரியா சாப்பாடு போடலை, உடம்பு சரியில்லை’ என்று எதையாவது உளறிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“எனக்குத் தெரியும்.”

மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“நான் துடுப்பு வளையத்தை நகர்த்தினேன். வாரத்துக்கு அரை சென்டிமீட்டர், மொத்தம் ரெண்டு. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லலை. கனமா இருக்குப்பான்னு கேட்டா... எதிர்க்காத்துன்னு பொய் சொன்னேன்.” அவர் மேடையைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு... அது என் பொண்ணு. அவளுக்கு எலும்பு முறிஞ்சதே எனக்கு இந்த நிமிஷம்தான் தெரியும்.”

மகள் மேடையின் விளிம்புக்கு வந்தாள்.

மாஸ்டர் மெல்லத் திரும்பினார். கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

“உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன், வளையத்தைப் பத்தி. உனக்கு... எல்லாம் தெரியுமா? தெரிஞ்சுதான் பழியை உன் தலையில போட்டுக்கிட்டியா? நான் ஒன்பது வருஷமா உன்னை...” சங்கத் தலைவரின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். “தலைவரே, எனக்கு இங்க நிக்கற தகுதி இல்லை. இன்னியோட நான் விலகிக்கறேன்.”

“உட்காருங்க!”

ஐம்பது தலைகளும் பின்னால் திரும்பின. அந்தக் குரல் அவளுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் கிளம்பிவிட்டது, இனி நிற்காது!

“விலகறீங்களா? இதுக்காகவா நான் ஒன்பது வருஷம் வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன்? நீங்க விலகிடக் கூடாதுன்னுதானே கிடந்தேன்! ‘சுயநலக்காரி’ன்னீங்க, கேட்டுக்கிட்டேன். ‘பொண்ணைக் கெடுத்தவ’ன்னீங்க, கேட்டுக்கிட்டேன். முன்வரிசையில பாருங்க. கேள்வி கேட்டாளே, அவ அன்னிக்குத் துறையில உங்களைச் சுத்தி நின்ன எட்டுச் சின்னப் பொண்ணுங்கள்ல ஒருத்தி! இன்னிக்கு அவளே பயிற்சியாளர். அன்னிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா, இவளை யாரு வளர்த்திருப்பாங்க? எனக்கு எம் பொண்ணும் வேணும், அவங்க எட்டுப் பேரும் வேணும். அதான் பேச்சை நான் வாங்கிக்கிட்டேன். இப்போ நோகாம எழுந்து விலகறேன்னு சொன்னா, நான் பட்டதுக்கெல்லாம் என்னங்க அர்த்தம்? தப்புப் பண்ணினீங்க, ஒத்துக்கிட்டாச்சு. இனிமே சரியாச் சொல்லிக் குடுங்க. விலகறாராம், விலகல்...!”

மூச்சு வாங்கியது அவளுக்கு. முதலில் விசும்பியது யார் தெரியுமா? அண்ணி!

“நானும்தாம்மா பேசினேன்! எல்லாரையும்விட அதிகமா நான்தான் பேசினேன்! இன்னிக்குக் காலையிலகூட ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லிச் சொல்லியே பேசினேனே!” என்று பெரிய குரலெடுத்து அழுது, அவளைக் கட்டிக்கொண்டார். “இந்த வாயை என்ன பண்ணினாத் தகும்...?”

“விடுங்க அண்ணி... எல்லாரும் பார்க்கறாங்க.”

“பார்க்கட்டும்! நல்லாப் பார்க்கட்டும்! எங்க வீட்டு மருமகளைப் பார்க்கட்டும்!”

மாஸ்டர் நடந்து வந்து மனைவியின் எதிரே நின்றார். ஐம்பது பேருக்கு முன்னால் அவள் கை இரண்டையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “என்னை மன்னிச்சுடு” என்றார்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உடனே உருகியும் போய்விடவில்லை. “என்கிட்ட வீட்டுக்குப் போய் அழலாம், எங்கேயும் ஓடிப் போக மாட்டேன். அங்க ஒருத்தி மேடையில நிக்கறா பாருங்க. ஒன்பது வருஷமா அவளோட ஒரு பேச்சு இல்லை. முதல்ல அவகிட்டப் பேசுங்க.”

மாஸ்டர் மேடைப் பக்கம் போனார். மகள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று கூடமே காத்திருந்தது. இரண்டு முறை தொண்டையைச் செருமினார். கடைசியில் வந்தது இதுதான்.

“தேதி எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும்மா. சொல்றேன், எழுதிக்கோ.”

“அப்பா...!”

“முதல் அரை சென்டிமீட்டர், அந்த மாசம் ரெண்டாவது திங்கக்கிழமை. அப்புறம் ஒவ்வொரு திங்களும். ரெண்டு துடுப்பும் ஒரே அளவு. உன் ஆராய்ச்சியில ஓட்டை இருக்கக் கூடாது. எழுதிக்கோ...”

மகள் எழுதவா செய்தாள்? மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து அப்பாவின் தோளில் விழுந்தாள். “உங்க மேல எனக்குக் கோபமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேம்பா. ஆனா உங்களை மாதிரி எழுதினவங்க யாருமே இல்லை... இது சத்தியம்!” என்று அழுதுகொண்டே சொன்னாள். அவர் அந்தக் குட்டை முடியைத் தடவிக் கொடுத்தார். இளம் பயிற்சியாளர்கள் எழுந்து கைதட்ட ஆரம்பித்தார்கள். தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “விலகறதெல்லாம் அப்புறம் பேசலாம் மாஸ்டர்... முதல்ல உங்க பொண்ணைப் பேச விடுங்க, இன்னும் பாதி இருக்கு!” என்றார்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள். முதல் காரியமாகக் கடைசி வரிசையைக் கைகாட்டினாள். “அந்த எக்ஸ்ரே எடுத்தவங்க யாருன்னு கேட்கலையே நீங்க? அதோ... எங்கம்மா.”

இரண்டாம் முறை கைதட்டல் எழுந்தது. அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் லட்சம் எலும்புகளைப் படம் எடுத்தபோதெல்லாம் அவளை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று ஒரு கூடமே எழுந்து நின்று அவளைப் பார்க்கிறது! பக்கத்தில் அண்ணி எல்லாரையும்விட ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் மூன்றாவது வரிசைக்குப் போகவில்லை. கடைசி வரிசைக்கு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வளைவு, அழுத்தம், விகிதம் என்று என்னென்னவோ சொன்னாள். திரையில் கோடுகள் ஏறி இறங்கின. முன்வரிசைப் பெண்கள் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் மனைவியின் காதருகே குனிந்தார்.

“எனக்குப் பாதி புரியலை.”

“எனக்கு மட்டும் என்னவாம்?” என்றாள் அவள், மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “பேசாம கேளுங்க. நம்ம பொண்ணு பேசறா.”